ஸ்கைரிமில் மாட் போடத் தொடங்குபவர்களுக்கு: இரண்டு மாட் மோதினால் எது ஜெயிக்கும்?

ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் வெளியானது 2011 நவம்பர் 11 அன்று. இன்றும் அதைப் புதிதாக வாங்கி விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அதற்குப் பாதிக் காரணம் மாட்கள்தான், அதாவது கேமை மாற்றவோ கூட்டவோ ரசிகர்கள் செய்து தரும் சேர்க்கைகள். மாட் போட்டால் காடும் பனியும் வேறு மாதிரி தெரியும், சண்டை போடும் விதம் மாறும், ஊருக்குள் புது ஆட்கள் வந்து நிற்பார்கள், சில மாட்களில் முழுசாக ஒரு புதுக் கதையே வரும். இதற்கெல்லாம் ஆசைப்பட்டு உள்ளே வருகிறவர்களில் பலர் முதல் நாளிலேயே நொந்துபோய்த் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். நெக்சஸ் மாட்ஸ் தளத்தில் படங்களைப் பார்த்துப் பிடித்ததையெல்லாம் டவுன்லோடு செய்து, ஒரே மூச்சில் போட்டுவிட்டு கேமைத் திறந்தால், மெனு வருவதற்குள் அது தானாக மூடிக்கொள்கிறது. எந்த மாட் காரணம் என்று தெரியாது, போட்டதை எடுக்கவும் தெரியாது, கடைசியில் கேமையே அழித்துவிட்டு ‘இது புரோகிராமர்கள் செய்கிற வேலை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

புரோகிராமிங் எதுவும் தெரிய வேண்டாம். இரண்டு மாட்கள் ஒரே பொருளைத் தொட்டால் எது ஜெயிக்கும் என்பது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ஸ்கைரிம் என்று பாருங்கள். 2011-இல் வந்தது 32 பிட். 2016 அக்டோபர் 28-இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64 பிட். 2021-இல் வந்த ஆனிவர்சரி எடிஷன் தனி கேம் அல்ல, அதே ஸ்பெஷல் எடிஷனோடு கூடுதல் உள்ளடக்கம் சேர்ந்தது. நெக்சஸில் பழைய ஸ்கைரிமுக்கு ஒரு பக்கம், ஸ்பெஷல் எடிஷனுக்கு இன்னொரு பக்கம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள், மாற்றி எடுத்துவிடாதீர்கள். இனி நான் சொல்வதெல்லாம் கணினியில் ஓடும் ஸ்பெஷல் எடிஷனுக்கு. ஸ்டீமில் வாங்கியிருந்தால் நல்லது, ஜிஓஜி பதிப்பும் பரவாயில்லை. மைக்ரோசாஃப்ட் கேம் பாஸ் வழியாக வருகிற பதிப்பில், பின்னால் சொல்லப்போகும் முக்கியமான ஒரு கருவி வேலை செய்யாது, அதனால் மாட் போடவே வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பதிப்பு வேண்டாம்.

அப்புறம், மாட் என்றால் உள்ளே என்ன இருக்கிறது? கேம் இருக்கும் இடத்தில் ‘டேட்டா’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஸ்கைரிம் உலகம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. மாட் எதுவானாலும் கடைசியில் அந்த ஃபோல்டருக்குள் போய்ச் சேருகிற ஃபைல்கள்தான், அவை இரண்டு வகை. ஒன்று, கண்ணுக்கும் காதுக்கும் ஆனவை: கல்லின் மேல் ஒட்டும் படம் (டெக்ஸ்சர்), வாளின் வடிவம் (மெஷ்), காலடிச் சத்தம். இவை தனித்தனி ஃபைல்களாகவும் இருக்கலாம், பிஎஸ்ஏ என்ற ஒரே மூட்டைக்குள் கட்டியும் இருக்கலாம். இன்னொன்று ப்ளகின். இஎஸ்எம், இஎஸ்பி, இஎஸ்எல் என்று முடியும் ஃபைல்கள் இவை. இந்த வாளுக்கு எவ்வளவு பலம், இந்தக் கடைக்காரர் எங்கே நிற்பார், இந்தக் குகையில் யார் இருக்கிறார்கள் என்ற விவரங்களை ரெக்கார்டு ரெக்கார்டாக வைத்திருக்கும் பட்டியல் அது. கல்லையும் மண்ணையும் மட்டும் மாற்றும் மாட்டுக்கு ப்ளகினே இருக்காது. சண்டை முறையை மாற்றும் மாட்டில் ப்ளகின்தான் முக்கியமான சரக்கு. பெரும்பாலான மாட்களில் இரண்டும் கலந்திருக்கும்.

ஃபைல் மோதல் எளிது. இரண்டு மாட்கள் இரும்புக் கவசத்துக்கு வேறு வேறு படம் வைத்திருக்கின்றன, இரண்டும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில் என்றால், ஒன்றுதான் அங்கே இருக்க முடியும், கடைசியாக வந்தது ஜெயிக்கும். இதைக் கையால் காப்பி செய்து செய்தால் இரண்டாவது மாட் முதல் மாட்டின் ஃபைலை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு இரண்டாவதை எடுத்தால் முதலாவது திரும்பி வராது. கையால் காப்பி செய்யாதீர்கள் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான், நானும் அதையே அழுத்திச் சொல்கிறேன்.

இதற்காகவே மாட் மேனேஜர்கள் இருக்கின்றன. பரவலாகப் புழங்குவது இரண்டு: வோர்டெக்ஸ், மாட் ஆர்கனைசர் 2. வோர்டெக்ஸ் நெக்சஸ்காரர்களே செய்தது, தொடங்கச் சுலபம். இருந்தாலும் என் ஓட்டு மாட் ஆர்கனைசருக்குத்தான், எம்ஓ2 என்று சுருக்கிச் சொல்வார்கள். அது ஒவ்வொரு மாட்டையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது, கேமின் டேட்டா ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. கேம் ஓடும்போது மட்டும் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருப்பது போல கேமுக்குக் காட்டுகிறது. சுவரில் ஒரு போஸ்டர் மேல் இன்னொரு போஸ்டர் ஒட்டினால் மேலே இருப்பதுதான் தெரியும், ஆனால் கீழே இருப்பது கிழியவில்லை, மேலே இருப்பதை உரித்தால் பழையது அப்படியே இருக்கும் அல்லவா, அதுபோலத்தான். இதனால் எந்த மாட்டையும் எப்போது வேண்டுமானாலும் டிக்கை எடுத்துவிட்டு ஃபைல் அளவில் பழைய நிலைக்குப் போகலாம். பழகுகிறவர்களுக்கு இந்த நிம்மதி ரொம்பப் பெரிது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கேமை எம்ஓ2 வழியாகத்தான் திறக்க வேண்டும். ஸ்டீமிலிருந்து நேராகத் திறந்தால் ஒரு மாட்டும் இருக்காது.

போடுவதற்கு முன் மூன்று வேலைகள். ஸ்டீம் வழக்கமாக சி டிரைவின் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் கேமை வைக்கும், அங்கே விண்டோஸின் காவல் கொஞ்சம் அதிகம், மாட் கருவிகள் எழுத முயன்றால் தடுக்கும். அதனால் டி டிரைவிலோ, சி டிரைவிலேயே வேறு ஃபோல்டரிலோ ஒரு ஸ்டீம் லைப்ரரி வைத்து கேமை அங்கே நகர்த்திவிடுங்கள், ஸ்டீமே நகர்த்தித் தரும். எம்ஓ2-வையும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள், கேம் ஃபோல்டருக்குள்ளும் வைக்காதீர்கள், தனி இடம் கொடுங்கள். இரண்டாவது, எந்த மாட்டும் இல்லாமல் ஒரு முறை கேமைத் திறந்து மெனு வரை போய் வெளியே வாருங்கள், அப்போதுதான் உங்கள் கணினிக்கான செட்டிங்ஸ் ஃபைல்கள் உருவாகும். மூன்றாவது, ஸ்டீமில் ஸ்கைரிமின் ப்ராப்பர்டீஸுக்குள் போய், கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று மாற்றி வையுங்கள்.

இந்த மூன்றாவது எதற்கு என்றால், எஸ்கேஎஸ்இ என்ற ஒரு கருவி இருக்கிறது, ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்பது அதன் முழுப்பெயர். கேமை உருவாக்கிய பெதெஸ்டா கொடுத்த வசதிகளுக்கு அப்பால் போக விரும்பும் மாட்களெல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. இது கேமின் எக்ஸிக்யூட்டபிள் ஃபைலோடு நேரடியாகக் கோத்துக்கொண்டு வேலை செய்வதால் பதிப்பு எண் துல்லியமாகப் பொருந்த வேண்டும். 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷனோடு கேமின் பதிப்பு 1.5.97-இலிருந்து 1.6-க்குத் தாவியபோது, அதுவரை ஓடிக்கொண்டிருந்த எஸ்கேஎஸ்இ மாட்கள் பல ஒரே நாளில் நின்றுபோயின. இன்றும் 1.5.97-இலேயே தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் மாட் பக்கங்களில் எந்தப் பதிப்புக்கு எந்த ஃபைல் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். உங்கள் பதிப்பு எது என்று தெரிந்துகொள்ள, கேம் ஃபோல்டரில் உள்ள ஸ்கைரிம்எஸ்இ என்ற எக்ஸிக்யூட்டபிள் ஃபைலை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதியைப் பாருங்கள். 1.6.1170 என்பது போல ஒரு எண் இருக்கும், அதை எங்கேயாவது குறித்து வையுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

அந்த எண்ணுக்கான எஸ்கேஎஸ்இயை எடுத்து, அதன் லோடரையும் டிஎல்எல் ஃபைலையும் கேமின் எக்ஸிக்யூட்டபிள் ஃபைல் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். கையால் காப்பி செய்ய வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. அதோடு வரும் ஸ்கிரிப்ட் ஃபைல்களை (கேமுக்குள் வேலைகளை நடத்தும் சிறு நிரல்கள்) எம்ஓ2-விலேயே ஒரு மாட் போலப் போட்டுக்கொள்ளலாம். பிறகு எம்ஓ2-வின் வலப்பக்க மேல் பட்டியலில் எஸ்கேஎஸ்இயைத் தேர்ந்து ரன் கொடுங்கள். மெனு வந்ததும் எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள சாவியை அழுத்தினால் கட்டளைகளைத் தட்டும் கன்சோல் திறக்கும், அதில் ‘கெட்எஸ்கேஎஸ்இவெர்ஷன்’ என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். பதிப்பு எண் வந்தால் எல்லாம் சரி. வராவிட்டால் மேலே போகாதீர்கள், இங்கேயே நின்று சரிசெய்யுங்கள், ஏனென்றால் இதற்கு மேல் கட்டப்போவதெல்லாம் இதன் மேல்தான்.

முதல் மாட்டாக ஸ்கையூஐ போடுங்கள். பை, கடை, மந்திரப் பட்டியல் எல்லாம் கணினித் திரைக்கு ஏற்றபடி மாறும். பல மாட்களின் செட்டிங்ஸை கேமுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும் எம்சிஎம் மெனுவும் இதோடுதான் வருகிறது. அடுத்து அட்ரஸ் லைப்ரரி, இது தானாக எதையும் மாற்றாது, ஆனால் எஸ்கேஎஸ்இ வகை மாட்களில் பாதிக்கு மேல் இதைக் கேட்கும் என்றே சொல்லலாம். இதிலும் 1.5-க்கு ஒன்று, 1.6-க்கு ஒன்று என்று தனித்தனி ஃபைல் உண்டு. பிறகு யுஎஸ்எஸ்இபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அன்அஃபிஷியல் பேட்ச், பெதெஸ்டா விட்டுவைத்த பிழைகளை ரசிகர்கள் திருத்திச் சேர்த்த பெரிய தொகுப்பு.

டவுன்லோடு செய்த மாட்டை எம்ஓ2-வில் இரட்டைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் தானாகப் போய் உட்கார்ந்துவிடும். சில மாட்கள் கேள்வி கேட்கும்: எந்த நிறம், எந்த அளவு, உங்களிடம் இன்ன மாட் இருக்கிறதா என்று. அவசரத்தில் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தாமல் படித்துப் பார்த்து டிக் செய்யுங்கள், இல்லாத மாட்டுக்கான பேட்சை (இரண்டு மாட்களை ஒத்துப்போக வைக்கும் சிறு ஃபைல்) டிக் செய்தால் அதுவே கேம் மூடிக்கொள்ளக் காரணமாகிவிடும். வேறு சில நேரம் எம்ஓ2 ஒரு சிறிய ஜன்னலைக் காட்டி, மேல்மட்டத்தில் கேமுக்கான ஃபைல் எதுவும் இல்லை என்று சிவப்பில் எழுதும். மாட் செய்தவர் எல்லாவற்றையும் இன்னொரு ஃபோல்டருக்குள் போட்டுக் கட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்த ஜன்னலில் தெரியும் மரத்தை விரித்துப் பாருங்கள். மெஷஸ், டெக்ஸ்சர்ஸ், ஸ்கிரிப்ட்ஸ் என்ற பெயர்களோ ஒரு இஎஸ்பி ஃபைலோ எந்த ஃபோல்டருக்கு நேர் கீழே இருக்கிறதோ, அதை ரைட் கிளிக் செய்து அதுவே டேட்டா என்று குறிக்கலாம். சிவப்பு எழுத்து பச்சையாக மாறினால் ஓகே கொடுக்கலாம்.

இப்போது எம்ஓ2-வில் இரண்டு பட்டியல் தெரியும். இடப்பக்கம் மாட்கள், அதாவது ஃபைல்களின் வரிசை. வலப்பக்கம் ப்ளகின்களின் வரிசை, லோட் ஆர்டர் என்பது இதைத்தான். இரண்டிலும் கீழே இருப்பது ஜெயிக்கும். இடப்பக்கம் மின்னல் போன்ற அடையாளம் தெரிந்தால் அந்த மாட் இன்னொன்றோடு மோதுகிறது என்று பொருள், பச்சைக் கூட்டல் என்றால் இது மற்றதை மறைக்கிறது, சிவப்புக் கழித்தல் என்றால் இதை மற்றது மறைக்கிறது. மின்னலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. முழு உலகத்துக்கும் பொதுவான டெக்ஸ்சர் மாட்டை மேலே வைத்து, ஒரு ஊருக்கு மட்டுமான மாட்டைக் கீழே வைத்தால் மோதல் இருக்கத்தான் செய்யும், அது நீங்கள் வேண்டியபடி நடக்கும் மோதல்.

ப்ளகின் பக்கம் கவனிக்க வேண்டியது மாஸ்டர். ஒரு ப்ளகின் இன்னொரு ப்ளகின் மேல் சாய்ந்திருந்தால் சாயப்படுவது அதற்கு மாஸ்டர். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கேமின் சொந்த இஎஸ்எம் ஃபைல். மாஸ்டர் இல்லாமல் ப்ளகின் மட்டும் இருந்தால் மெனு வருவதற்குள் கேம் மூடிக்கொள்ளும், தொடக்கக்காரர்களுக்கு வரும் கோளாறுகளில் மிகச் சாதாரணமானது இதுதான். யுஎஸ்எஸ்இபியையே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் புதிய பதிப்புகள் ஸ்கைரிமோடு இலவசமாக வரும் நான்கு க்ரியேஷன் கிளப் தொகுப்புகளையும் (பெதெஸ்டாவே வெளியிட்ட கூடுதல் உள்ளடக்கம்) மாஸ்டராகக் கேட்கின்றன, அவற்றை டவுன்லோடு செய்யாமல் விட்டிருந்தால் கேம் திறக்காது. எம்ஓ2 இந்தக் குறையை ப்ளகின் பக்கத்தில் எச்சரிக்கை அடையாளத்தோடு காட்டிவிடும், மவுஸை அதன் மேல் வைத்தால் எது இல்லை என்றும் சொல்லும். மாட்டின் பக்கத்தில் ‘ரிக்வயர்மெண்ட்ஸ்’ என்று போட்டிருப்பதை டவுன்லோடுக்கு முன்பே படித்துவிட்டால் இந்தத் தொல்லை வரவே வராது.

ப்ளகின்களை வரிசைப்படுத்த லூட் என்ற கருவி உதவும். எது எதற்குப் பின் வர வேண்டும் என்று பலரும் சேர்ந்து பராமரிக்கும் பட்டியலை வைத்து அது அடுக்கித் தரும். தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் லூட் ஓட்டியதும் மோதலெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது வரிசையை மட்டும்தான் மாற்றுகிறது, இடப்பக்கத்து ஃபைல் வரிசையைத் தொடுவதே இல்லை, ரெக்கார்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சரிசெய்யாது.

ரெக்கார்டுக்குள் நடப்பதைப் பார்க்க லிடியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. வைட்ரன் கோட்டையில் நமக்குத் துணையாக வருகிறவள். அவள் முகத்தை அழகாக்கும் மாட் ஒன்று போடுகிறீர்கள். அதில் ஒரு ப்ளகின் இருக்கிறது, லிடியாவின் ரெக்கார்டில் எந்த முடி, எந்தப் புருவம், என்ன தோல் நிறம் என்று அது எழுதியிருக்கும். கூடவே அவள் முகத்தின் வடிவத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த மெஷ் ஃபைலும் வரும். அடுத்து, துணைக்கு வருகிறவர்களின் சண்டைத் திறனைக் கூட்டும் இன்னொரு மாட் போடுகிறீர்கள். அதில் ப்ளகின் மட்டும்தான். அதுவும் லிடியாவின் ரெக்கார்டைத்தான் தொடுகிறது, திறன் எண்களை மாற்றியிருக்கிறது, முகத்தைப் பற்றிய விவரங்களைப் பழைய கேமில் இருந்தபடியே வைத்திருக்கிறது. இந்த இரண்டாவது ப்ளகின் லோட் ஆர்டரில் கீழே இருந்தால் லிடியாவின் ரெக்கார்டு முழுவதும் அதனுடையதுதான் செல்லும், முகத்தின் ஒரு வரி, திறனின் ஒரு வரி என்று கேம் பிரித்து எடுத்துக்கொள்ளாது. ரெக்கார்டு பழைய முகத்தைச் சொல்கிறது, மெஷ் ஃபைலோ புது முகத்துடையது. இரண்டும் பொருந்தாததால் உடம்பு ஒரு நிறமாகவும் முகம் கரியைப் பூசியது போலவும் லிடியா வந்து நிற்பாள். கறுப்பு முகக் கோளாறு என்று எல்லோரும் தேடித் திரிவது இதைத்தான்.

முகம் மாற்றும் ப்ளகினைக் கீழே இறக்கினால் முகம் சரியாகிவிடும், ஆனால் திறன் மாற்றம் போய்விடும். இரண்டும் வேண்டும் என்றால் பேட்ச் வேண்டும். முதல் மாட்டின் முகத்தையும் இரண்டாவதன் திறனையும் ஒரே ரெக்கார்டில் சேர்த்து எல்லாவற்றுக்கும் கீழே உட்காரும் சின்ன ப்ளகின் அது. பிரபலமான மாட்களுக்கு இடையே இப்படிப்பட்ட பேட்சை யாராவது செய்து நெக்சஸில் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எஸ்எஸ்இ எடிட் என்ற கருவியில் நீங்களே செய்யலாம். அதைத் திறந்து லிடியாவின் ரெக்கார்டைச் சொடுக்கினால் அவளைத் தொடும் ப்ளகின்கள் எல்லாம் இடமிருந்து வலமாகப் பத்தி பத்தியாகத் தெரியும், வலக்கோடியில் இருப்பதுதான் ஜெயித்தது. முதல் வாரத்தில் அங்கே எதையும் மாற்றாமல் வெறுமனே திறந்து பார்த்தாலே போதும், லோட் ஆர்டர் என்றால் என்ன என்பது மனதில் பதிந்துவிடும்.

டெக்ஸ்சர் விஷயத்தில் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். 4கே படம் 2கே படத்தைப்போல நான்கு மடங்கு பிக்சல், கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தையும் அதற்கேற்றபடி விழுங்கும். 4 ஜிபி கார்டு உள்ள லேப்டாப்பில் மலைக்கும் தரைக்கும் 2கே, மேசை மேல் இருக்கும் கோப்பைக்கெல்லாம் 1கே என்று வைத்தாலே அழகாக இருக்கும்.

நூற்றுக்கணக்கான மாட்களை மொத்தமாகச் சேர்த்துத் தரும் கலெக்‌ஷன்களைப் பற்றியும் கேட்பீர்கள். விளையாடினால் போதும் என்றால் தாராளமாகப் போடலாம், நல்ல உழைப்பில் செய்தவை அவற்றில் நிறைய உண்டு. ஆனால் அதன் மேல் நீங்களாக ஒரு மாட்டைச் சேர்க்கப் போகும்போதுதான் எது எதோடு மோதுகிறது என்று தெரியாமல் நிற்பீர்கள், அதனால் முதல் அனுபவமாக இருபது மாட்களை நீங்களே அடுக்கிப் பார்ப்பதைத்தான் நான் விரும்புகிறேன்.

சேவ் ஃபைல் பற்றிக் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் உள்ள மாட்கள் ஓடும்போது தங்கள் நிலையை உங்கள் சேவுக்குள்ளேயே எழுதிவைக்கின்றன. பாதி விளையாட்டில் அப்படிப்பட்ட மாட்டை எடுத்தால் ஃபைல் போய்விடும், சேவுக்குள் எழுதியது போகாது, அன்றைக்கு ஓடினாலும் நாலு நாள் கழித்து எங்கேயாவது இடறும். டெக்ஸ்சர் மாட்களை எப்போது வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம், சேவுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கிரிப்டோ ப்ளகினோ உள்ளவற்றை முடிவு செய்து முடித்துவிட்டுப் புது ஆட்டம் தொடங்குவதுதான் பாதுகாப்பு. மாட் ஒன்றைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன்பும் அதன் பக்கத்தில் பழைய சேவோடு ஒத்துப்போகுமா என்று எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒவ்வொரு முறையும் கேமின் தொடக்கமான ஹெல்கன் குதிரைவண்டிக் காட்சியிலிருந்து தொடங்கத் தேவையில்லை. மெனுவிலேயே கன்சோலைத் திறந்து ‘சிஓசி ரிவர்வுட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் நேராக அந்த ஊரில் போய் நிற்பீர்கள். சுற்றி நடந்து, கடைக்குள் போய், ஒருவரிடம் பேசி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இது சோதனைக்கு மட்டும், இந்தச் சேவில் உண்மையான ஆட்டத்தைத் தொடராதீர்கள், முறைப்படி தொடங்க வேண்டிய கதைப் பகுதிகள் இதில் தொடங்கியிருக்காது.

மூன்று நான்கு மாட் போட்டதும் ஒரு முறை இப்படிப் பார்த்துவிடுங்கள், கேம் மூடிக்கொண்டால் தேட வேண்டியது அந்த மூன்று நான்குக்குள்தான். ஏற்கெனவே நிறையப் போட்டுவிட்டுச் சிக்கிக்கொண்டவர்கள், சோதனை ஆட்டத்தில் பாதி ப்ளகின்களின் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள், எடுத்தவற்றின் மேல் சாய்ந்திருக்கும் ப்ளகின்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். கேம் திறந்தால் தவறு எடுத்த பாதியில், திறக்காவிட்டால் மீதிப் பாதியில், அதையும் பாதியாக்கிக்கொண்டே போனால் நூறு ப்ளகின் இருந்தாலும் ஏழெட்டு முறையில் குற்றவாளி அகப்படும். கூடவே க்ராஷ் லாகர் என்ற மாட்டையும் போட்டு வையுங்கள், கேம் மூடிக்கொள்ளும்போதெல்லாம் அது ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதும், அதில் பெரும்பகுதி புரியாது, ஆனால் ஒரு ப்ளகின் பெயரோ ஒரு மெஷ் ஃபைலின் பெயரோ நடுவில் தென்பட்டால் முதலில் அந்த மாட்டின் டிக்கை எடுத்துப் பாருங்கள்.